நான்காம் அத்தியாயத்துத் தேற்றம்

எங்கள் துறையின் கருத்தரங்க அறையில் மின்விசிறி ஓடினால் பேசுவது கேட்காது. நிறுத்தினால் உட்கார முடியாது. நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கடைசியாகப் பேசிக் காட்ட வேண்டிய நாளில் அதை ஓட விட்டிருந்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது. முன்வரிசையில் என் நெறியாளர், அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள், பின்னால் எட்டுப் பத்து ஆய்வு மாணவர்கள். நான்காம் அத்தியாயத்தை முடித்து ஐந்தாவதற்குத் தாவும்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

ராதாபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் அவர். ஐம்பதை எட்டியவர். என்னைப் போலவே பகுதிநேர ஆய்வாளர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். அவர் கூட்டங்களில் கேள்வி கேட்பதே கிடையாது. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் பாதி நேரம் கண்ணை மூடியிருப்பார்.

"டீச்சர், ஒரு சின்ன சந்தேகம். இங்கன தேர்ந்தெடுக்கிற புள்ளி ஏ-யைப் பொறுத்ததுன்னு போட்டிருக்கீங்க. அது எக்ஸையும் பொறுத்ததுல்லா?"

கேள்வி அவ்வளவுதான். நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது வெளி கச்சிதமானது, அதனால் எண்ணிக்கை முடிவுள்ளது, ஆகவே வித்தியாசம் வராது என்றேன். என் குரலில் இருந்த உறுதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவர் "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டார். நெறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தொன்று. ஆய்வில் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வீடு அம்பாசமுத்திரத்தில், வேலை பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில். காலையில் பஸ், மாலையில் பாசஞ்சர் ரயில். என் ஆய்வில் பாதி அந்த ரயிலில் மடியில் நோட்டை வைத்து எழுதியது. என் பாடம் என்ன என்று யாராவது கேட்டால் இடவியல் என்பேன். உறவுக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, நிலஅளவை ஆபீஸில் வேலை கிடைக்குமா என்று விசாரித்தார்.

நான் செய்தது இதுதான். புள்ளிகளாலான ஒரு வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கணங்கள் என்று நாங்கள் சொல்லும் துண்டுகளை அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி முழுவதையும் மூடுகிறோம். துண்டுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இனி வெளியில் சில புள்ளிகளைப் பொறுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணிக்கொண்டே போகிற அளவுக்கு மட்டும்தான் பொறுக்கலாம். பொறுக்கிய புள்ளிகளில் ஒன்றையாவது தொடுகிற துண்டுகளை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் உருவிப் போட்டுவிட வேண்டும். அப்படியும் வெளி முழுவதும் மூடியே இருக்கிறதா? எந்தப் போர்வையைக் கொடுத்தாலும் இது முடியும் என்றால், அந்த வெளிக்கு நான் ஆராய்ந்த பண்பு உண்டு.

இப்படி ஒரு வெளியை இன்னொரு வெளியோடு பெருக்கும்போது, அதாவது ஒன்றின் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் மற்றதை முழுதாக அடுக்கும்போது, அந்தப் பண்பு தங்குமா, போய்விடுமா என்பதுதான் கேள்வி. பொதுவாகப் போய்விடும். இரண்டும் நல்ல வெளிகளாக இருந்தாலும் அவற்றின் பெருக்கம் கெட்டுப்போகலாம். ஆனால் இரண்டாவது வெளி கச்சிதமானதாக இருந்தால், அதாவது எந்தப் போர்வையிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில துண்டுகளே அதற்குப் போதும் என்றால், பண்பு தங்கும் என்று நான் நிறுவியிருந்தேன். அதுதான் நான்காம் அத்தியாயத்துத் தேற்றம். இரண்டு வருடத்துக்கு முன்பே ஓர் ஆய்விதழில் என் பெயரும் நெறியாளர் பெயருமாக வெளிவந்திருந்தது. ஆய்வேட்டில் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கவோ, அதிலிருந்து கிளைக்கவோ எழுதப்பட்டவை.

அன்று மாலை ரயிலில் சன்னலோர இடம் கிடைத்தது. கேள்வி ஒன்றும் பெரிதில்லை, சும்மா ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். சேரன்மகாதேவி வருவதற்குள் பேனா ஒரு வரியில் நின்றுவிட்டது. முதல் வெளியில் ஒவ்வொரு எக்ஸ் புள்ளிக்கும் முடிவுள்ள சில துண்டுகளைத் தேர்ந்தெடுக்கிறேன். அது சரி. அதற்கப்புறம் எண்ணத்தக்க அளவில் ஏ புள்ளிகளைப் பொறுக்குகிறேன். அதுவும் சரி. பிறகு ஒவ்வொரு ஏ-க்கு மேலேயும் சில புள்ளிகளை வைக்கிறேன். அங்கேதான் கோளாறு. ஒரே ஏ-யைச் சுற்றி எண்ண முடியாத அளவுக்கு எக்ஸ்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துண்டுகள். அத்தனைக்கும் புள்ளி வைக்கப் போனால் எண்ணிக்கை கையை மீறிவிடும். நான் எக்ஸ் என்று எழுத வேண்டிய இடத்தில், எழுத்துக்குக் கீழே பொடியாக, ஏ என்று எழுதியிருந்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி வண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது நோட்டை மூடி வைத்திருந்தேன்.

அண்ணாச்சிமேல் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்தும் வந்தது. ஏழு வருடத்தில் இந்த நிறுவலை நான் ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். நெறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆய்விதழில் இரண்டு பேர் மதிப்பிட்டதாகக் கடிதம் வந்தது. ஒருவர்கூட அந்தப் பொடி எழுத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்த மனிதர் பார்த்துவிட்டார்.

அடுத்த ஆறு வாரம் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். நிறுவல்தானே தப்பு, தேற்றம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். வேறு வழியில் புள்ளிகளைப் பொறுக்கிப் பார்த்தேன். போர்வையை முதலில் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று பக்கம் நன்றாக ஓடும். நான்காம் பக்கத்தில் அதே எண்ண முடியாத கூட்டம் வந்து நிற்கும். நடுவில் கல்லூரியில் உள்தேர்வுத் தாள்கள் திருத்த வேண்டும், தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று பழைய கோப்புகளுக்குப் புது அட்டை போட வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மேடையிலேயே நோட்டை விரிப்பேன். பால் பொங்கி நோட்டில் வழிந்த நாளில், நான் நோட்டைத் துடைக்கவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கணவர் வந்து அணைத்தார்.

கணவர் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். முறை மாற்றி வேலை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, வேறு யாருக்குத் தெரியும் என்பதுதான். அண்ணாச்சிக்குச் சந்தேகம் இருக்கலாம், உறுதியாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன்.

"அப்ப சமர்ப்பிச்சிரு. ஏழு வருஷம், ஏட்டி. இதுக்கு மேல நம்மளால இழுக்க முடியாது."

நம்மளால என்று அவர் சொன்னது குத்தியது. ஆனால் அது உண்மைதான். எங்கள் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அவர்தான் கூடவே உட்கார்ந்தார். மாமனாரின் கண் அறுவை சிகிச்சைக்கு அவர்தான் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விசேஷங்களுக்கு அவர் தனியாகப் போய், அவளுக்குப் படிப்பு வேலை என்று சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார். இத்தனையும் தெரிந்துகொண்டே நான் அவரிடம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து நாள் எங்களுக்குள் சாப்பாடு, சாவி, தண்ணீர் மோட்டார் தவிரப் பேச்சு இல்லை.

மே மாதம் கல்லூரியில் எங்களைச் சேர்க்கைப் பிரச்சாரத்துக்கு அனுப்பினார்கள். சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இது வருடா வருடம் உள்ள தண்டனை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலும் ஒரு கட்டுத் துண்டறிக்கையும் கையில் கொடுத்து, ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டச் சொல்வார்கள். அந்த வருடம் எனக்கும் வேதியியல் துறைப் பெண் ஒருத்திக்கும் ராதாபுரம் வட்டாரம். வெயிலுக்கு ஒதுங்கப் பனைகளைத் தவிர ஒன்றுமில்லாத சாலைகள். ஒரு வீட்டில் மோர் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில், கணக்குப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று என்னையே கேட்டார்கள். டீச்சர் வேலை கிடைக்கும் என்றேன். அந்த அம்மாள் என் வியர்வையையும் கையிலிருந்த துண்டறிக்கையையும் பார்த்துவிட்டு, "நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்.

மத்தியானம் திரும்பும் பஸ்ஸுக்காக ஒரு நிழற்குடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். கூட வந்தவள் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதன்முறையாக, தேற்றமே தப்பாக இருந்தால் எப்படித் தப்பாகும் என்று யோசித்தேன். அதுவரை அப்படி யோசிக்க எனக்கு மனம் வரவில்லை.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. இரண்டாவது வெளியாக, எண்ண முடியாத அளவுக்குத் தனித்தனிப் புள்ளிகளையும் அவை எல்லாம் போய் நெருங்குகிற ஒரு புள்ளியையும் வைத்தேன். அது கச்சிதமானது. முதல் வெளியாக, இயல் எண்களையும் அவற்றின்மேல் எண்ண முடியாத அளவுக்கு ஒட்டவைத்த கூடுதல் புள்ளிகளையும் கொண்ட பழைய, எல்லாருக்கும் தெரிந்த வெளி. அதில் இயல் எண்களைப் பொறுக்கினாலே போதும், பண்பு உண்டு. இரண்டையும் பெருக்கினால் எண்ண முடியாத அளவுக்கு அடுக்குகள் கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு புள்ளியை மட்டும், அந்த அடுக்கைவிட்டு வெளியே வராத ஒரே ஒரு துண்டால் மூடுகிற மாதிரி ஒரு போர்வையைப் போட்டேன். எண்ணத்தக்க புள்ளிகளைக் கொண்டு எண்ணத்தக்க அடுக்குகளைத்தான் தொட முடியும். தொடாத அடுக்கில் அந்தப் புள்ளி திறந்தே கிடக்கும்.

நாலே வரி. கல்லூரியின் படமும் 'உங்கள் எதிர்காலம் எங்கள் பொறுப்பு' என்ற வாசகமும் அச்சடித்த தாளின் பின்னால் என் தேற்றம் செத்துக் கிடந்தது. கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒரு துளியும் இல்லை. தேற்றத்தைப் பொய்யாக்கும் இவ்வளவு எளிதான எதிர்க்காட்டு ஏழு வருடம் என் கண்ணில் படவில்லையே என்ற எரிச்சல்தான் இருந்தது. பஸ் வந்தது. உட்கார இடம் இல்லை.

நெறியாளரைப் பார்க்கப் போனேன். முதலில் எனக்கிருந்த நெறியாளர் ஓய்வு பெற்றபின் என்னை இவருக்கு மாற்றியிருந்தார்கள். என்னைவிட நாலு வயது இளையவர். மரியாதையான மனிதர். எப்போது போனாலும் நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார். அவரிடம் ஏழு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. அதில் எங்கள் கட்டுரையும் ஒன்று. இதை அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

எதிர்க்காட்டை அவர் மேசையில் எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்து ஓரிடத்தில் வட்டம் போட்டார், பிறகு அந்த வட்டத்தை அடித்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதை இப்ப தொடாதீங்க. பட்டத்தை வாங்குங்க. அப்புறமா பைய ஒரு திருத்தம் எழுதிக்கிடலாம்."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

"தேர்வாளர் நாலாம் அத்தியாயத்தை வரி வரியாப் பார்க்க மாட்டாரு."

"நீங்க பார்த்தீங்களா சார்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. தன்னிடம் வரும்போதே அந்தக் கட்டுரை பாதி முடிந்த நிலையில் வந்தது என்றும், முந்தைய நெறியாளர் பார்த்திருப்பார் என்று நம்பியதாகவும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் முந்தையவரும், பின்னால் வருகிறவர் பார்ப்பார் என்று நினைத்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவே நான் இருந்தேன், நானும் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் படி இறங்கும்போது மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினேன்.

ஆய்விதழுக்கு எழுதினேன். முதல் மின்னஞ்சல் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பியது. இதழின் தளத்தில் இருந்த இன்னொரு முகவரிக்கு அனுப்பினேன். உங்கள் அடுத்த கட்டுரையை எங்களுக்கு அனுப்புங்கள் என்று தானியங்கிப் பதில் வந்தது. மூன்றாவதாக, ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். தான் அந்தக் குழுவில் இருப்பதே தனக்குத் தெரியாது என்று அவர் பதில் எழுதினார்.

இதற்குள் என் பதிவுக் காலம் முடிய இருந்தது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவுக்குப் போனேன். விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம், இரண்டு விரல் அகலம். 'முக்கியத் தேற்றம் தவறு என்று கண்டறியப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

"யம்மா, இப்படி எழுதினா மேல கையெழுத்துப் போட மாட்டாவ."

"ஏன் சார்? உண்மைதானே?"

"உண்மைதாம்மா. ஆனா இங்க ஒத்துக்கிடுத காரணம் நாலுதான். உடம்பு சரியில்ல, பேறுகாலம், வெளியூர் மாறுதல், கைடு மாறுதல். இதுல ஒண்ணை எழுதுங்க. சான்று நான் அப்புறமாக் கேட்டுக்கிடுதேன்."

அவர் எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். எனக்கோ அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு பொய்யை எடுக்க வந்து இன்னொரு பொய்யை எழுத வேண்டியிருக்கிறதே என்று அவரிடமே சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. நெறியாளர் மாறுதல் என்பது நாலு வருடத்துக்கு முன் உண்மையிலேயே நடந்ததுதானே என்று கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அதை எழுதினேன். ஒரு வருட நீட்டிப்பு கிடைக்க மூன்று மாதமும் ஆறு நடையும் ஆயின. கல்லூரியில் ஒவ்வொரு நடைக்கும் அரைநாள் விடுப்பு போனது.

அண்ணாச்சியிடம் சொல்லாமல் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். ஒருநாள் துறை வாசலில் அவரே எதிரே வந்தார். எதிர்க்காட்டைக் காட்டினேன். வெற்றி பெற்ற முகம் எதையும் அவர் காட்டவில்லை. வருத்தமாகத்தான் பார்த்தார். அன்றைக்குக் கேள்வி கேட்ட பிறகு, தன்னால் ஒருவருக்குத் தொந்தரவு ஆகிவிடுமோ என்று இரண்டு நாள் சங்கடப்பட்டதாகச் சொன்னார். நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லையாம். தனக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று விட்டுவிட்டாராம். அந்த உறுதியான குரலில் ஒரு சரியான கேள்வியை நான் உட்கார வைத்திருக்கிறேன்.

பிறகு அவரும் நானும் சனிக்கிழமை மத்தியானங்களில் துறை நூலகத்தில் உட்கார்ந்தோம். தேற்றத்தில் எதைக் காப்பாற்ற முடியும் என்று பார்த்தோம். நாலாவது சனிக்கிழமை ஒன்று கிடைத்தது. இரண்டாவது வெளி கச்சிதமாக இருந்தால் மட்டும் போதாது. எந்தத் திறந்த துண்டை எடுத்தாலும் அதற்குள் ஒரு புள்ளியாவது விழுகிற மாதிரி, எண்ணத்தக்க புள்ளிகளை அதில் பரப்பி வைக்கவும் முடிய வேண்டும். அப்படியானால் எக்ஸ் எதுவாக இருந்தாலும் அந்தப் பரப்பிய புள்ளிகளே போதும், புதிதாகப் பொறுக்க வேண்டாம். பெருக்கத்தில் பண்பு தங்கும். நிறுவல் அரைப் பக்கம். பழைய தேற்றத்தோடு பார்த்தால் சின்னது, ஆனால் உண்மை. அன்று ரயிலில் நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கமும் பத்து நாள்தான். அண்ணாச்சியிடம் படித்த ஒருவர் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். எங்கள் நூலகம் சந்தா கட்டாததால் திறக்க முடியாத பழைய கட்டுரைகளை அவரிடம் கேட்டு வாங்கலாம் என்று சில தலைப்புகளை அனுப்பியிருந்தோம். வந்த ஒரு கட்டுரையில் என் எதிர்க்காட்டு அப்படியே இருந்தது. நான் நிழற்குடையில் போட்ட போர்வை, அதே அடுக்குகள். அடுத்த பக்கத்தில் எங்கள் அரைப் பக்கத் தேற்றமும் ஒரு குறிப்பாக, நிறுவல்கூட இல்லாமல், எளிதாகக் காணலாம் என்ற வாசகத்தோடு இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்த காலத்தில் அச்சான கட்டுரை அது.

என் தப்பு என்னுடையது என்றாவது இருந்தது. என் திருத்தம்கூட என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் நூலகத்தில் அந்த இதழ் திறந்திருந்தால் இரண்டாம் வருடத்திலேயே இதைப் படித்திருப்பேன். இந்தப் பண்புக்குப் பக்கமே போகாமல் வேறு ஏதாவது செய்திருப்பேன். அண்ணாச்சி கட்டுரையை வாங்கிப் பார்த்தார். வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்து வைத்தார்.

ஆனால் அந்தக் கட்டுரையால் ஒரு காரியம் நடந்தது. நெறியாளரிடம் காட்டியபோது அவரால் அதற்குமேல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியவில்லை. ஏற்கனவே அச்சில் இருக்கும் எதிர்க்காட்டைத் தேர்வாளர் அறிந்திருந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புரிந்தது. பயத்தில்தான் ஒத்துக்கொண்டார் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவரே உட்கார்ந்து இதழுக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். இரண்டு பேர் பெயரிலும் எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்பினார். பதவி உயர்வுக் கோப்பில் அந்தக் கட்டுரையை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார் என்று பிறகு மற்றொருவர் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் அதைப்பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

நான்காம் அத்தியாயம் முப்பத்தெட்டுப் பக்கத்திலிருந்து ஆறு பக்கமானது. அதிலும் பாதி, இவை முன்பே அறியப்பட்டவை என்று சொல்வதற்கு. ஐந்தாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். எதில் எந்தப் பண்பு தங்கும், எதில் தங்காது என்று சின்னச் சின்ன முடிவுகள். அதில் இரண்டு எனக்குப் பிடித்தவை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், இரவு முறை வேலை முடித்து வந்திருந்த கணவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் போர்வை விஷயத்தைச் சொல்லு பார்ப்போம்."

என்னால் நம்ப முடியவில்லை. தாளை எடுத்து அடுக்குகளை வரைந்து, ஒரு துண்டு எப்படி ஓர் அடுக்குக்குள்ளேயே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். தொடாத அடுக்கைப் பற்றிச் சொல்லி நிமிர்ந்தபோது சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவில்லை. உங்களுக்குப் புரியாது என்று நான் சொன்னதற்கு அன்றைக்குத்தான் மனதார வருந்தினேன். விழித்ததும் அவரிடம் அதைச் சொன்னேன். "சரி சரி, காப்பி போடு" என்றார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பதினோராம் மாதம் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் அத்தியாயத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டினார், ஐந்தாவதில் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நான்காவதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. அந்த ஆறு பக்கத்துக்காக நான் நூறு கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருந்தேன். முடிந்ததும் சால்வை போர்த்தினார்கள். அண்ணாச்சி அன்று பள்ளிக்கு விடுப்பு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தன் ஆய்வை அதற்கு முந்தைய மாதம் விட்டுவிட்டார் என்று வெளியே வந்தபின்தான் சொன்னார். நீட்டிப்புக்கு அலைய முடியவில்லையாம். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "போதும் டீச்சர், பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கு" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். சனிக்கிழமைகளில் என் ஆய்வுக்கு அவர் கொடுத்த நேரத்தை அவருடைய ஆய்வுக்கு நான் ஒருநாளும் கொடுக்கவில்லை. அது எனக்கு அன்று சால்வையோடு நிற்கும்போதுதான் உறைத்தது.

பட்டம் வந்து ஒரு வருடம் கழித்து, யாரோ எங்கள் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பதாக எனக்கு அறிவிப்பு வந்தது. இதழ் எங்கள் திருத்தக் கடிதத்தை வெளியிடவே இல்லை. தேற்றம் முழு உடம்போடு தளத்தில் இருந்தது. மேற்கோள் காட்டியவர் வேறொரு நாட்டில் ஆய்வு செய்யும் ஒரு பெண். அவருடைய முக்கிய முடிவின் மூன்றாம் வரியில் எங்கள் தேற்றத்தைப் பயன்படுத்தியிருந்தார். அன்றே அவருக்கு எழுதினேன். எங்கே தப்பு, எதிர்க்காட்டு என்ன, அது முதலில் எங்கே வெளியானது, எல்லாவற்றையும் விவரமாக எழுதி மன்னிப்பும் கேட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருப்பதாகவும், இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் இரண்டே வரி. அவருடைய கச்சிதமான வெளியில் எண்ணத்தக்க புள்ளிகளைப் பரப்ப முடிந்தால் முடிவு பிழைக்கும் என்று எழுதி, அதைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஒரு வாரம் பார்த்தேன். பரப்ப முடியாது என்று தெரிந்தது. அதையும் நிறுவலோடு எழுதி அனுப்பினேன். நீட்டிப்பு கேட்கத் தயங்க வேண்டாம், என்னால் ஆன உதவியைச் செய்கிறேன் என்று கடைசியில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. மறுபடி ஒருமுறை எழுதினேன், அதற்கும் இல்லை. அவர் சமர்ப்பித்தாரா, விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.